முதல் அடுக்கு பிளேடுகளுக்கு இன்னொரு சுற்று

எங்கள் இயந்திரம் ஃபிரேம் 6பி என்ற கேஸ் டர்பைன். கிழக்குக் கடலோரத்தில் ஒரு தொழிற்சாலைக்குச் சொந்தமான மின்நிலையம். ஏறக்குறைய 40 மெகாவாட். 17 அடுக்குக் கம்ப்ரெசர், சுற்றிலும் பத்து எரிகலன்கள், மூன்று அடுக்கு டர்பைன். ரோட்டார் நிமிடத்துக்கு 5163 சுற்று சுற்றும். கியர்பாக்ஸ் அதை 3000-ஆகக் குறைத்து ஜெனரேட்டருக்குக் கொடுக்கும். முன்பெல்லாம் முழுக்க நாப்தா என்ற திரவ எரிபொருள்தான். 2019-ல் எண்ணூர் எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) முனையம் வந்து, குழாயும் எங்கள் பக்கம் நீண்ட பிறகு எரிவாயுவுக்கு மாறினோம். வாயு வரத்து குறையும் நாட்களில் மறுபடி நாப்தா. இந்தக் கலப்பு ஓட்டத்தில் இருந்த டர்பைனின் முதல் அடுக்கு பிளேடுகள் 92-ஐயும் கழற்றி, பழுதுபார்த்து, தேறியவற்றைத் திரும்பப் பூட்டிய கதை இது. புது செட் வாங்குவதற்கு ஆகும் பணத்தில் சிறு பகுதிதான் செலவு. ஆனால் அந்தச் சிறு பகுதியாவது வீணாகாமல் இருக்க, கழற்றும் நாளைச் சரியாகப் பிடிக்க வேண்டும். பட்டறை வேலையைவிட எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது அந்த நாளைப் பிடிப்பதுதான்.

தயாரிப்பாளர் கையேட்டின்படி இந்த வகை இயந்திரத்துக்கு ஹாட் கேஸ் பாத் பணி, அதாவது சூடான வாயு போகும் பாதையைத் திறந்து பார்க்கும் வேலை, 24,000 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது 1200 ஸ்டார்ட்டுக்கு ஒருமுறை. எது முதலில் வருகிறதோ அது. மீட்டரில் எங்களுக்கு 21,000 மணி காட்டியது. திட்டமிடல் பிரிவு சொன்னது: “இன்னும் மூவாயிரம் மணி இருக்கே, வருடாந்தர ஷட்டவுனோடு சேர்த்துக்கொள்ளலாம். அது முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை.”

மீட்டர் மணி வேறு, பிளேடு அனுபவித்த மணி வேறு. இயற்கை எரிவாயுவில் ஓடிய ஒரு மணியை ஒன்று என்று வைத்தால், டீசல் வகைத் திரவ எரிபொருளில் ஓடிய ஒரு மணியை ஒன்றரை என்று கையேடு கணக்கிடச் சொல்கிறது. பீக் லோடில், அதாவது வழக்கமான எரிவெப்பத்தைவிட 56 டிகிரி கூட்டி ஓட்டினால், ஒரு மணிக்கு ஆறு மணி. நாப்தாவுக்கும் அதே ஒன்றரையை நாங்கள் வைத்துக்கொண்டோம். நாப்தாவில் ஓடியது 6,000 மணி, அதாவது 9,000. எரிவாயுவில் 15,000. கூட்டினால் 24,000 வந்துவிட்டது. பீக் லோடு மணிகளை நான் சேர்க்கவே இல்லை. அது சொற்பம்தான், ஆனால் பூஜ்யமும் இல்லை.

ஸ்டார்ட் கணக்கு தனி. அதில் ஸ்டார்ட்டைவிட டிரிப்புக்கு, அதாவது இயந்திரம் திடீரென்று நிற்பதற்குத்தான் பயப்பட வேண்டும். முழு லோடில் ஓடும்போது ஒரு டிரிப் விழுந்தால் எரிபொருள் ஒரே நொடியில் நிற்கும். ஆயிரம் டிகிரிக்கு மேலான வாயு பட்டுக்கொண்டிருந்த உலோகத்தின் மேல் அடுத்த கணமே கம்ப்ரெசர் காற்று பாயும். மெல்லிய பின்விளிம்பு உடனே ஆறும், தடித்த நடுப்பகுதி ஆறாது. அந்த இழுபறியில்தான் விரிசல் பிறக்கிறது. முழு லோடு டிரிப் ஒன்று, எட்டுச் சாதாரண ஸ்டார்ட்டுக்குச் சமம் என்பது கையேட்டுக் கணக்கு. எங்கள் இயந்திரம் பேஸ் லோடில் நீண்ட ஓட்டம் ஓடுவது, அதனால் ஸ்டார்ட் எல்லை வெகுதூரத்தில் இருந்தது. தினமும் ஏற்றி இறக்கும் நிலையங்களுக்கு இந்தக் கணக்குத்தான் கழுத்தைப் பிடிக்கும்.

சரி, மூவாயிரம் மணிக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்? இதைக் கூட்டத்தில் வரைந்து காட்டித்தான் புரிய வைக்க முடிந்தது. முதல் அடுக்கு பிளேடு ஜிடிடி-111 என்ற நிக்கல் கலவை. அதன் மேல் கோபால்ட், குரோமியம், அலுமினியம், யிட்ரியம் சேர்ந்த பூச்சு இருக்கிறது. இந்தப் பூச்சு தேய்வதற்காகவே போடப்படுவது. வெப்பத்தில் அதிலுள்ள அலுமினியம் மேலே வந்து அலுமினா படலமாக நிற்கும். படலம் உதிர்ந்தால் மறுபடி அலுமினியம் மேலே வரும். இன்னொரு பக்கம் அலுமினியம் உள்ளே அடி உலோகத்துக்குள்ளும் ஊறிப்போய்க்கொண்டே இருக்கும். இருப்பு தீரும் நாள் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் கழற்றினால் அமிலத்தில் பழைய பூச்சை நீக்கிப் புதுசு போடலாம். அடி உலோகத்தில் இழப்பு மிகக் கொஞ்சம். அந்த நாள் தாண்டினால் அரிப்பு அடி உலோகத்துக்குள் இறங்கிவிடும். பிறகு அரித்த இடத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும், சுவர் மெலியும், உள்ளே குளிர்விக்கும் காற்றுத்துளை இருக்கும் பிளேடில் சுவர் மெலிந்தால் பட்டறைக்காரரே தள்ளிவிடுவார். மூவாயிரம் மணிக்கு ஆசைப்பட்டு அடுத்த 24,000-ஐ இழப்பது என்பது இதுதான். இடையில் ஒழுங்காகப் பூச்சு புதுப்பித்தால் இந்த பிளேடுகளுக்கு மூன்று சுற்று, அதாவது 72,000 மணி வரை எதிர்பார்க்கலாம். முதல் சுற்றின் முடிவில் புதுப்பிக்கத் தவறினால் அந்த எதிர்பார்ப்பே கிடையாது.

இத்தனை விளக்கத்தைவிடப் போர்ஸ்கோப் (இயந்திரத்தைத் திறக்காமல் உள்ளே விட்டுப் பார்க்கும் குழாய்க் கேமரா) படம்தான் வேலை செய்தது. முன்விளிம்பில், உயரத்தின் நடுப்பகுதியில், பச்சை கலந்த திட்டுகள். பூச்சு நலமாக இருக்கும் இடம் மங்கிய சாம்பல் நிறம். நிக்கலும் குரோமியமும் வெளியே வந்து ஆக்ஸைடு ஆனால் பச்சை தலைகாட்டும். “பச்சை தெரிந்தால் சிவப்புக் கொடி” என்று நான் சொன்னதற்குக் கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை, ஆனால் தேதி கிடைத்தது.

திறந்தபோது

நிறுத்திய பிறகு ராட்செட்டில் மெதுவாகத் திருப்பித் திருப்பி ஆறவிட வேண்டும்; அவசரப்பட்டால் ரோட்டார் வளையும். அப்புறம் கேசிங். மேல்மூடியின் போல்ட்டில் கை வைப்பதற்கு முன்னால் கீழ்ப்பாதிக்கு அடியில் ஜாக்கி கொடுக்க வேண்டும். வட்டத்தின் மேல்பாதி போனதும் கீழ்ப்பாதி தானாகத் தொய்யும். டயல் கேஜ் முள் லேசாக அசையும் வரை ஜாக்கியை ஏற்றி அங்கேயே நிறுத்துவது முறை. இதைச் சோம்பலில் விட்டவர்கள் பிறகு மூடும்போது போல்ட் துளை சேராமல் மல்லுக்கட்டுவார்கள். அதைவிட மோசம், பிளேடு முனைக்கும் கேசிங்குக்கும் உள்ள இடைவெளி அளவுகள் எல்லாம் பொய்யாகிவிடும்.

மூடியைத் தூக்கி, முதல் அடுக்கு நாசிலின் (வாயுவை பிளேடுகளை நோக்கித் திருப்பிவிடும் இறக்கை வளையம்) மேல்பாதியை எடுத்து வைத்ததும் எங்கள் மூத்த ஃபிட்டர் டார்ச்சோடு குனிந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“சார், நாசில்ல ரெண்டு இடந்தான் வெந்து போயிருக்கு. பிளேடெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, பாருங்க.”

“ஒண்ணுகூட வித்தியாசமா இல்லையாண்ணே?”

“ஒண்ணுகூட இல்ல. எல்லாம் ஒரே அச்சு.”

அந்த ஒரு வரியில் பாதி நோய்நிர்ணயம் முடிந்தது. நாசில் நிலையாக நிற்பது. ஒவ்வொரு துண்டும் தனக்கு நேரே இருக்கும் எரிகலனின் வாயுவை மட்டுமே வாங்கும். ஆகவே நாசிலில் ஓரிடம் மட்டும் எரிந்திருந்தால் குற்றம் அந்த எரிகலனில். பிளேடு அப்படி இல்லை. ஒரு சுற்றில் பத்து எரிகலனின் வாயுவையும் பார்த்துவிடும். ஒரு கலன் கெட்டாலும் பாதிப்பு 92-க்கும் பங்கு பிரியும். ஆக நாசில் காயத்துக்கும் பிளேடு பச்சைக்கும் காரணம் வெவ்வேறு. முதலாவதை எரிகலனில் எரிபொருளைத் தெளிக்கும் முனையில் தேட வேண்டும். இரண்டாவது காரணம் இயந்திரம் முழுவதற்கும் பொதுவானது: எரிபொருளோ காற்றோ கொண்டுவரும் உப்பு.

முதலாவது சீக்கிரம் கிடைத்துவிட்டது. வெந்த இரண்டு துண்டுகளுக்கு நேரே இருந்த திரவ எரிபொருள் முனைகளைக் கழற்றித் தண்ணீர் விட்டுச் சோதித்தோம். ஒன்றில் தெளிப்புக்கூம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. இன்னொன்றில் கூம்பே இல்லை, இரண்டு தாரையாகப் பீய்ச்சியது. முனையில் கரி கட்டியிருந்தது. இரட்டை எரிபொருள் இயந்திரங்களில் இது பழைய வியாதி. எரிவாயுவில் ஓடும்போது திரவக் குழாயில் தேங்கி நிற்கும் நாப்தா சூட்டில் வெந்து கரியாகும். செக் வால்வு (ஒருவழி வால்வு) முழுசாக மூடாமல் சொட்டுப் போட்டால் கரி முனைக்கே வந்துவிடும். அடுத்த முறை நாப்தாவுக்கு மாறும்போது தீ நடுவில் எரியாமல் சுவரோரம் நக்கும்.

புகைபோக்கிப் பக்கம் வெப்பத்தை அளக்க வட்டமாக 18 தெர்மோகப்பிள்கள் இருக்கின்றன. பழைய பதிவை எடுத்துப் பார்த்தால் நாப்தா நாட்களில் இரண்டு இடங்களில் சின்ன மேடு தெரிந்தது. அலாரம் எல்லைக்குள்ளேயே இருந்ததால் அது திரையில் நிறம் மாறவில்லை. அந்தத் தெர்மோகப்பிளுக்கு நேர் எதிரே இருக்கும் எரிகலனைக் குற்றம் சொல்லக்கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மூன்று அடுக்கைக் கடந்து வருவதற்குள் வாயு சுழன்று இடம் மாறிவிடும். எவ்வளவு மாறும் என்பது லோடைப் பொறுத்தது.

ஒரு பிளேடைப் பலி கொடுப்பது

பட்டறைக்கு மொத்த செட்டும் போனது. போனதும் ஒரு பிளேடை வெட்டச் சொன்னோம். கணக்குப் பிரிவுக்கு இது கசப்பு: நல்ல பிளேடை வெட்டிவிட்டு அதற்கு பதில் ஒன்று வாங்குவதா? வெட்டாமல் செய்யும் எந்தச் சோதனையும் உலோகத்தின் உள்நிலையைச் சொல்லாது. மேலே விரிசல் இல்லாத பிளேடும் உள்ளே கிழமாக இருக்கலாம்.

இந்தக் கலவைக்கு வலு கொடுப்பது அதனுள் பரவியிருக்கும் காமா பிரைம் என்னும் நுண்துகள். நிக்கலோடு அலுமினியமும் டைட்டானியமும் சேர்ந்தது. ஒரு மைக்ரானுக்கும் குறைவான கட்டிகள் நெருக்கமாக இருக்கும்வரை படிகத்துக்குள் நழுவல் நடக்க வழியில்லை. பல்லாயிரம் மணி வெப்பத்தில் மோரில் வெண்ணெய் திரள்வதுபோல் சின்னத் துகள்கள் கரைந்து பெரியவற்றோடு சேரும். துகள் பெருக்க, இடைவெளியும் பெருகும். பிளேடு தன் எடையின் பல்லாயிரம் மடங்கு விசையில் வெளிநோக்கி இழுபடும்போது மெல்ல நீளத் தொடங்கும். க்ரீப் என்பது அது.

வெட்டியதில் எனக்குப் பிடித்த பகுதி இது. ஒப்பிடப் புது பிளேடு வேண்டாம். அதே பிளேடின் வேர்ப்பகுதி, ஊசியிலை மரம்போல் பல் வெட்டிய அடிப்பாகம், டிஸ்கின் குளிர்ச்சியில் இருந்தது. வயது அதே, வெப்பம் மட்டும் படவில்லை. நுண்ணோக்கியில் வேரையும் முன்விளிம்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எங்கள் துண்டில் வேரில் துகள்கள் கட்டம் கட்டமாக இருந்தன. முன்விளிம்பின் நடுப்பகுதியில் மூலை மழுங்கி உருண்டைகளாகியிருந்தன. படிக எல்லைகளில் கார்பைடு தொடர்ச்சங்கிலிபோல் படிந்திருந்தது, ஆனால் எல்லை ஓரம் வெற்றிடங்கள் இல்லை. வெற்றிடம் சங்கிலியாகச் சேர்ந்திருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தியிருப்போம்.

காற்றுத்துளையின் உள்சுவரையும் பார்க்கச் சொன்னோம். பலர் விட்டுவிடும் இடம் அது. வெளியே எத்தனை முறை பூச்சு போட்டாலும் உள்ளே படிக எல்லை வழியாக அரிப்பு இறங்கினால் பிளேடுக்கு மறுவாழ்வு இல்லை. எங்களுடையது தப்பித்தது.

துகளின் அளவை வைத்து உலோகம் என்ன வெப்பத்தில் இருந்திருக்கும் என்று மதிப்பிடலாம். பட்டறை அறிக்கை நாங்கள் நினைத்ததைவிடச் சுமார் 15 டிகிரி கூடுதலாகச் சொன்னது. பதினைந்து டிகிரி ஒரு பெரிய விஷயமா என்று கேட்டார் மேலாளர். 1952-ல் லார்சன், மில்லர் இருவரும் வெளியிட்ட எளிய சூத்திரம் இருக்கிறது: கெல்வினில் வெப்பநிலையை, இருபதோடு மணியின் லாகரிதத்தைக் கூட்டிப் பெருக்கினால் வரும் எண், ஒரே பளுவுக்கு மாறாது. 850 டிகிரி என்றால் 1123 கெல்வின். அதில் 48,000 மணி தாங்கும் பொருள் என்று வைத்தால் எண் ஏறக்குறைய 27,717. இப்போது 15 டிகிரி கூட்டி 1138 கெல்வினுக்குத் திருப்பிக் கணக்கிட்டால் 22,700 மணிதான் வருகிறது. பாதிக்கும் கீழே. மேலாளர் கால்குலேட்டரில் அவரே ஒருமுறை போட்டுப் பார்த்தார். அதன் பிறகு பீக் லோடு கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளுக்கு அவரே பதில் சொல்ல ஆரம்பித்தார்.

பட்டறையில்

முதல் வேலை அமிலக் குளியல். பூச்சு மட்டும் கரைய வேண்டும், அடி உலோகம் கரையக்கூடாது. அதனால் தவணை தவணையாக முக்கி எடுப்பார்கள். எல்லாம் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ளக் காற்றில் லேசாகச் சூடுபடுத்துவார்கள். அடி உலோகம் நீலமாகும், ஒட்டியிருக்கும் பழைய பூச்சு வைக்கோல் நிறத்தில் தனித்துத் தெரியும். எளிய சோதனை, ஏமாற்ற முடியாதது. இந்த நிற அறிக்கையைப் புகைப்படத்தோடு ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குங்கள். மிச்சப் பூச்சின் மேல் புதுப் பூச்சு போட்டால் சில ஆயிரம் மணியில் செதில் செதிலாக உரியும்.

அடுத்து ஒளிரும் திரவத்தில் விரிசல் தேடுதல், பிறகு சுவர்த் தடிமன் அளத்தல். இதில் சில பிளேடுகள் கழிந்தன; எதிர்பார்த்த அளவுக்கு உள்ளேதான். முனைகள் ஆக்ஸைடாகிக் குட்டையாகியிருந்தவற்றுக்கு வெல்டிங். ஜிடிடி-111-ல் அலுமினியமும் டைட்டானியமும் சேர்ந்து எட்டு சதவிகிதத்தை ஒட்டி இருக்கும். இப்படிப்பட்ட கலவையில் வெல்டு வைத்தால் பக்கத்திலேயே விரிசல் விடும். அதனால் பளு குறைந்த முனைப்பகுதியில் மட்டும், மென்மையான இன்கோனெல் 625 போன்ற கம்பியால் வைப்பது வழக்கம். மென்மையான கம்பி விரிசல் விடாது, ஆனால் ஆக்ஸைடு ஆவதும் சீக்கிரம். அதைவிட வலுவான கம்பியை லேசரில் வைக்க முடியும் என்று பட்டறை சொன்னது. நாங்கள் முனைக்குப் பழைய வழியையே தேர்ந்தெடுத்தோம். முனை கொஞ்சம் தேய்ந்தால் திறன் குறையும், அவ்வளவுதான். விரிசல் கீழே இறங்கினால் இயந்திரமே போகும்.

உலோகத்துக்கு இளமை திரும்புவது உலையில். ஆர்கான் வாயுவில் ஆயிரம் வளிமண்டலம் அளவு அழுத்தமும் 1200 டிகிரியை ஒட்டிய வெப்பமும் கொடுத்து அமுக்குவார்கள். உள்ளே இருக்கும் நுண்வெற்றிடங்கள் மூடிக்கொள்ளும். அதே சூட்டில் திரண்ட துகள்கள் கரையும். பிறகு 1120 டிகிரியில் இரண்டு மணி நேரம், பூச்சு முடிந்த பின் 843 டிகிரியில் 24 மணி நேரம். துகள்கள் மறுபடி நுண்ணியதாகப் படியும். இதில் ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது: அழுத்த உலையில் வைத்தால் விரிசல் எல்லாம் மூடிவிடும் என்று. மேற்பரப்புக்கு வாய் திறந்த விரிசலுக்குள் ஆர்கானே புகுந்துவிடும், பிறகு எது எதை அமுக்கும்? உள்ளே அடைபட்ட வெற்றிடம் மட்டும்தான் மூடும்.

பூச்சில்தான் பட்டறையோடு கொஞ்சம் உரசல். தடிமன் சான்றுக்கு அவர்கள் தட்டையான மாதிரித் தகடு ஒன்றைக் கூடவே வைத்துப் பூசி, அதை வெட்டி அளந்து காட்டினார்கள். தகடில் அளவு அழகாக வந்தது. ஆனால் பிளேடு தகடு இல்லையே. தெளிப்புத் துப்பாக்கிக்கு முன்விளிம்பு நேராக நிற்கும். உட்குழிந்த பக்கமும் பிளாட்ஃபாரம் என்ற அடித்தட்டு சேரும் வளைவும் நிழலில் இருக்கும். கழிந்துபோன பிளேடுகளில் ஒன்றைச் சான்று மாதிரியாக வைத்துப் பூசி, நான்கு இடத்தில் வெட்டி அளக்கக் கேட்டோம். கீழ் வளைவில் தடிமன் குறைவாக வந்தது. துப்பாக்கி ஓடும் பாதையைத் திருத்திய பிறகுதான் மற்றவற்றுக்கு அனுமதி கொடுத்தோம். கழித்த பிளேடுகளைப் பழைய இரும்பு விலைக்கு அனுப்பிவிடாமல் வைத்திருப்பதன் பலன் இது.

நாசில், மற்றவை

முதல் அடுக்கு நாசில் எஃப்எஸ்எக்ஸ்-414 என்ற கோபால்ட் கலவை. வெல்டிங்குக்கு இணங்கிப் போகும் நல்ல உலோகம். ஹைட்ரஜன் உலையில் வைத்து விரிசலுக்குள் இருக்கும் ஆக்ஸைடைப் போக்கிவிட்டு, விரிசலைத் தோண்டி வெல்டு நிரப்பலாம். வெந்த இரண்டு இடங்களில் பின்விளிம்பையே வெட்டிவிட்டுப் புதுத் துண்டு ஒட்டினார்கள்.

நாசிலில் விரிசலைவிட வாய்ப்பரப்புக்குத்தான் அதிக கவனம் தேவை. இரண்டு இறக்கைகளுக்கு இடையே வாயு நுழையும் கழுத்தின் பரப்பு மொத்தத்தில் மாறினால் கம்ப்ரெசரின் அழுத்த விகிதம் மாறும், அதோடு வெளியீடும். மொத்தம் சரியாக இருந்து ஒரு வாய் சின்னதாகவும் அடுத்தது பெரிதாகவும் இருந்தால் இன்னும் தொல்லை: ஒவ்வொரு சுற்றிலும் பிளேடுக்கு அதே இடத்தில் ஒரு தட்டு விழும். வெல்டு வைக்கும்போது இறக்கை சுருங்கி நகர்வது சகஜம். அதனால் பழுதுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வாயின் அளவையும் அட்டவணையாக வாங்கினோம்.

இரண்டாம் அடுக்கு நாசில் தொங்கும் அமைப்பு. வெளிவளையத்தில் மட்டும் பிடிப்பு. பழைய எஃப்எஸ்எக்ஸ்-414 வகை மெல்ல மெல்ல வாயு போகும் திசையில் சாயும், உள்பக்க டயஃபிரம் சுழலும் டிஸ்கை நெருங்கும். பிற்கால வகை ஜிடிடி-222 என்ற நிக்கல் கலவையில் வந்தது இந்தச் சாய்வைக் குறைக்கத்தான். எங்களுடையது பிற்கால வகை. இருந்தாலும் ஃபீலர் கேஜ் வைத்து அச்சு இடைவெளியைச் சுற்றிலும் எடுத்துப் பழைய பதிவோடு ஒப்பிட்டோம். நகர்வு சொல்லும்படி இல்லை.

எரிகலனின் உள்ளுறையான லைனர், அங்கிருந்து வாயுவை நாசிலுக்குக் கொண்டுபோகும் ட்ரான்சிஷன் பீஸ் இவற்றில் புதிதாக எழுத ஒன்றுமில்லை. உரசும் இடங்களில் தேய்மானம், வழக்கமான கடினப்பூச்சு, ஓரச்சீல்கள் மாற்றம்.

திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு பிளேடையும் வெறும் எடை மட்டும் பார்த்து வைக்க முடியாது. வெல்டும் பூச்சும் எடையை வெவ்வேறு உயரத்தில் கூட்டியிருக்கும். மையத்திலிருந்து உள்ள தூரத்தோடு எடையைப் பெருக்கி எடுத்த எண்ணை ஒவ்வொன்றுக்கும் பட்டறை கொடுக்கும். அதை வைத்து எந்தத் துளையில் எது என்று வரிசை வரும். மாற்றாக வாங்கிய புது பிளேடுகளும் அந்த வரிசைக்குள் கலந்துபோனது. ஸ்டார்ட் செய்தபோது அதிர்வு பழைய அளவைவிடச் சற்றுக் குறைவாகவே நின்றது. ஃபிட்டர் அண்ணன் அன்று மதியம் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்; என்ன கணக்கில் என்று நான் கேட்கவில்லை.

உப்பைத் தேடி

பிளேடு பச்சைக்குக் காரணம் இன்னும் பாக்கி. சோடியமும் கந்தகமும் சேர்ந்தால் சோடியம் சல்ஃபேட். 884 டிகிரியில் உருகி பிளேடின் மேல் மெல்லிய திரவப் படலமாக நிற்கும், அலுமினா படலத்தைக் கரைக்கும். திரவ எரிபொருளில் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து 1 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும் என்பது வரம்பு. எங்கள் நாப்தா சோதனைகள் எப்போதும் அதற்கு வெகு கீழே.

மிச்சம் காற்று. எரிபொருளைப் போல ஏறக்குறைய ஐம்பது மடங்கு எடைக் காற்று இந்த இயந்திரத்துக்குள் போகிறது. காற்றில் 0.01 பிபிஎம் சோடியம் இருந்தாலே எரிபொருளில் அரை பிபிஎம் இருப்பதற்குச் சமம். எங்கள் ஃபில்டர் கூடம் கடலைப் பார்த்து நிற்கிறது. வெயில் காலத்தில் உப்பு தூளாக ஃபில்டர் தாளில் மாட்டிக்கொண்டு சும்மா இருக்கும். வடகிழக்குப் பருவமழை வந்து ஈரம் ஏறியதும் அது கரைந்து தாளின் மறுபக்கம் கசிந்து உள்ளே போகும். மழைக்காலத்தில் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் தரையைத் துடைத்த துணியை வடிநீரில் அலசிச் சோதித்தோம். குளோரைடு தாராளமாக வந்தது. கம்ப்ரெசர் கழுவிய தண்ணீரிலும் அப்படியே.

ஆகவே தண்ணீரை விரட்டும் வகை ஃபில்டருக்கு மாறினோம். கூடத்தின் மழைத்தடுப்புகளை நீட்டினோம். வடிகால் குழாய்களில் தண்ணீர்ப் பூட்டு இல்லாத இடங்களில் போட்டோம். அந்த வடிகால் வழியாக ஃபில்டரைத் தொடாமலேயே காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. மொத்தச் செலவில் இதுதான் மிகவும் மலிவான வேலை. கம்ப்ரெசரை இயந்திரம் நிற்கும்போது நன்றாக ஊறவைத்துக் கழுவுவதையும் ஒழுங்குபடுத்தினோம். பழைய நாட்களில் ஓடும் கம்ப்ரெசருக்குள் அரிசியையும் கொட்டை ஓட்டுத் தூளையும் வீசித் தேய்த்துச் சுத்தம் செய்வார்கள் என்று கேட்டால் இளைய பொறியாளர்கள் நம்ப மறுக்கிறார்கள். உண்மைதான். காற்றுத்துளைகள் உள்ள பிளேடுகள் வந்த பிறகு அந்தப் பழக்கம் போனது நல்லது. அந்தத் தூள் கரியாகித் துளையில் மாட்டினால் பிளேடு வெந்துவிடும்.

இயக்கப் பிரிவோடு சேர்ந்து இரண்டு பழக்கங்களை மாற்றினோம். நிறுத்த வேண்டி வந்தால், உயிருக்கோ இயந்திரத்துக்கோ ஆபத்து இல்லாத எந்தக் காரணத்துக்கும் முழு லோடிலிருந்து டிரிப் பொத்தானை அழுத்தாமல் லோடை இறக்கி நிறுத்துவது. அடுத்தது, புகைபோக்கி வெப்ப வேறுபாட்டுக்கு அலாரம் எல்லையை நம்பாமல், எரிபொருள் வாரியாக அடிக்கோடு வரைந்து அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று வாரம் ஒருமுறை பார்ப்பது.

ஏறக்குறைய எட்டாயிரம் மணிக்குப் பிறகு போர்ஸ்கோப் விட்டுப் பார்த்தோம். முன்விளிம்பு சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது. கீழ் வளைவிலும் அப்படியே. ஒரு பிளேடின் முனையில் வெல்டு இருந்த இடம் மட்டும் கருத்திருக்கிறது. மென்மையான கம்பிக்கு அது எதிர்பார்த்ததுதான்.

தீராமல் நிற்பது செக் வால்வு. எரிவாயு நாட்களில் குழாயைக் காற்று விட்டு ஊதிக் காலி செய்கிறோம், மாதம் ஒருமுறை நாப்தாவுக்கு மாற்றி ஓட்டிப் பார்க்கிறோம். அப்படியும் இரண்டு கலன்களில் மாற்றும்போது தடுமாற்றம் வருகிறது. தண்ணீரால் குளிர்விக்கும் வகை செக் வால்வுக்கு விலைப்புள்ளி கேட்டிருக்கிறோம். குளிர்நீர் குழாயைச் சூடான அறைக்குள் பத்து கலனுக்கும் எப்படிக் கொண்டுபோவது என்பதில் பைப்பிங் ஆட்களோடு இன்னும் பேச்சு முடியவில்லை.